பழுக்கக் காய்ந்த அடுப்பும் தாடியஸ் ஸ்டீவன்ஸும்

1861-ல் லிங்கன் தன் அமைச்சரவையை அமைத்துக்கொண்டிருந்தபோது போர்த்துறைக்கு சைமன் கேமரன் என்ற பென்சில்வேனியா அரசியல்வாதியின் பெயர் அடிபட்டது. அவருடைய கை சுத்தம் எப்படிப்பட்டது என்று ஊருக்கே தெரியும். அதே மாநிலத்துக்காரரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தாடியஸ் ஸ்டீவன்ஸ் போய் லிங்கனை எச்சரிக்க, “அப்படியானால் அவர் திருடுவார் என்கிறீர்களா?” என்று லிங்கன் கேட்டாராம். “சேச்சே, பழுக்கக் காய்ந்த அடுப்பை எல்லாம் திருடமாட்டார் என்று நினைக்கிறேன்” என்றார் ஸ்டீவன்ஸ். லிங்கனுக்கு இது பிடித்துப்போய் கேமரனிடமே சொல்லிவிட, அவர் கொதித்துப்போய், சொன்னதைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்று நின்றார். ஸ்டீவன்ஸ் திரும்பவும் லிங்கனிடம் போனார். “பழுக்கக் காய்ந்த அடுப்பைத் திருடமாட்டார் என்று அன்றைக்குச் சொன்னேன் அல்லவா, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.” கேமரன் பதவியில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஒப்பந்த ஊழல் புகார்கள் குவிந்து, 1862 ஜனவரியில் ரஷ்யாவுக்குத் தூதர் என்று மரியாதையாக மூட்டை கட்டி அனுப்பிவைத்தார்கள்.

ஸ்டீவன்ஸைப் பற்றி இப்படிக் கதைகள் ஏராளம். அதனாலேயே அவரைப் பற்றி ஒரு பிம்பம் தங்கிவிட்டது: நாக்கில் விஷம் வைத்திருந்த கிழவர், உள்நாட்டுப் போரில் தோற்ற தென் மாநிலங்களைப் பழிவாங்கத் துடித்த வெறியர், கொண்டதை விடாத முரடர். அமெரிக்காவின் பள்ளிப் புத்தகங்களே ரொம்ப காலம் அவரை வில்லனாகத்தான் காட்டின. நானும் அப்படித்தான் எதிர்பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன், ஆனால் அவர் போட்ட சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றியது வேறு. இந்த மனிதர் பேச்சில்தான் முரடர், காரியத்தில் கை தேர்ந்த பேரக்காரர். கேட்டது நூறு, கிடைத்தது நாற்பது என்றால் திட்டிக்கொண்டே அந்த நாற்பதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த நாள் காலையில் மிச்சம் அறுபதுக்கு வந்து நிற்கிற ஆள்.

1792 ஏப்ரல் 4-ம் தேதி வெர்மான்ட் மாநிலத்து டேன்வில்லில் பிறந்தார். பிறவியிலேயே ஒரு பாதம் கோணல். அண்ணனுக்கு இரண்டு பாதங்களும் அப்படி. அந்தக் காலத்தில் அதைப் பெற்றோர் செய்த பாவத்தின் பலன் என்று பேசுவார்கள். அப்பா விவசாயி, செருப்புத் தைக்கிற வேலையும் உண்டு, ஒரு கட்டத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா சாரா நான்கு பையன்களை வைத்துக்கொண்டு, அவர்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். நொண்டிக்கொண்டு போகும் பையன், பண்ணை வேலைக்கு ஆகமாட்டான், படித்தால்தான் பிழைப்பான் என்ற கணக்கு. டார்ட்மத் கல்லூரியில் 1814-ல் பட்டம் வாங்கி, அடுத்த வருடம் பென்சில்வேனியாவின் யார்க் நகரத்துக்கு ஆசிரியராகப் போனார். பகலில் பாடம் சொல்லிக்கொடுப்பது, மற்ற நேரத்தில் ஒரு வக்கீலிடம் சட்டம் படிப்பது.

யார்க் வக்கீல்களுக்கு இந்த வெளியூர்க்காரனைப் பிடிக்கவில்லை. சட்டம் படிக்கும்போது வேறு தொழில் செய்தவர்களைச் சேர்க்கக்கூடாது என்று விதி போட்டு வழியை அடைத்தார்கள். சரி என்று அவர் எல்லை தாண்டி மேரிலாந்தின் பெல் ஏர் ஊருக்குக் குதிரையில் போய் அங்கே தேர்வு எழுதினார். எழுதினார் என்று சொல்வதே அதிகம். நீதிபதிகள் முதலில் மதீரா ஒயின் வந்ததா என்று கேட்டு, இரண்டு மூன்று கேள்வி போட்டு, மறுபடி ஒயின் வந்ததும் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது கதை. இரவு சீட்டாட்டத்தில் கையில் இருந்த பணத்தையும் அவர்களிடமே தோற்றாராம். அந்தச் சான்றிதழோடு திரும்பி வந்து 1816-ல் கெட்டிஸ்பர்க்கில் பலகை மாட்டினார். பிற்காலத்தில் போரால் உலகத்துக்கே தெரிந்த அதே கெட்டிஸ்பர்க்தான், அன்றைக்கு வெறும் சின்ன மாவட்டத் தலைநகர். முதல் பெரிய வழக்கு ஒரு கொலை வழக்கு. குற்றவாளிக்குப் புத்தி சரியில்லை என்று வாதாடினார். அந்தக் காலத்தில் அந்த வாதத்தை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள், கட்சிக்காரன் தூக்கில் தொங்கினான். ஆனால் வாதாடிய விதத்தைப் பார்த்தவர்கள் அடுத்த வழக்குக்கு அவரைத் தேடி வந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1821-ல் அவர் ஜெயித்த ஒரு வழக்கை அவருடைய ரசிகர்கள் ஒரு வரியில் கடந்துபோவார்கள். பென்சில்வேனியாவில் 1780-லேயே அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதன்படி வெளிமாநிலத்திலிருந்து ஓர் அடிமையைக் கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த ஆள் சுதந்திரமானவர். சேரிட்டி பட்லர் என்ற பெண்ணை மேரிலாந்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்தது. (ஆமாம், அடிமையை வாடகைக்கும் விடுவார்கள்.) அந்த வீட்டம்மா பென்சில்வேனியாவுக்கு வந்து போகும்போதெல்லாம் சேரிட்டியையும் கூட்டி வந்தார். வந்து போன நாட்களை எல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது, ஆகவே நான் சுதந்திரமானவள் என்பது சேரிட்டி தரப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்டீவன்ஸ். ஆறு மாதம் என்றால் தொடர்ச்சியாக ஆறு மாதம், விட்டுவிட்டு வந்ததைக் கூட்டக்கூடாது என்று வாதாடி ஜெயித்தார். மாநில உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சேரிட்டியும் அவளுடைய குழந்தைகளும் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள்.

அவர் இதைப் பற்றி மனம் வருந்தினாரா, இந்த வழக்குதான் அவரை மாற்றியதா என்றெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் ஊகிக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து, 1823 ஜூலை 4 விருந்தில், ஒரு மனிதனுக்குக்கூட விலங்கு பூட்டாத ஒருவர் அடுத்த ஜனாதிபதியாக வரட்டும் என்று அவர் கோப்பையைத் தூக்கியது பதிவில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓடிவந்த அடிமைகளுக்காகத்தான் வாதாடினார், காசு வாங்காமலே. மனமாற்றக் கதையாக இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: சட்டத்தின் ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பதில் ஒரு பெண்ணும் பிள்ளைகளும் சங்கிலிக்குத் திரும்பிப் போவார்கள் என்று அமெரிக்காவில் வேறு எந்தச் சட்டமன்றக்காரரையும்விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அதைச் செய்ததே அவர்தான். பிற்காலத்தில் அரசியல் சாசனத் திருத்தங்களின் வாசகத்தில் அவர் காட்டிய கவனத்தைப் பார்க்கும்போது எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

1833-ல் மாநில சட்டமன்றத்துக்குப் போனார், மேசன் சங்கத்தை எதிர்ப்பதற்காகவே ஆரம்பிக்கப்பட்ட ஒரு விசித்திரமான கட்சியின் சார்பில். மேசன்களின் ரகசியச் சடங்குகளும் உள்கூட்டும் ஜனநாயகத்துக்கு ஆகாது என்பது அந்தக் கட்சியின் வாதம், ஸ்டீவன்ஸ் அதில் வெறித்தனமாகவே இருந்தார், விசாரணைக் கமிட்டி போட்டுப் பெரிய மனிதர்களை எல்லாம் கூண்டில் ஏற்றினார். எனக்கு அந்த அத்தியாயம் அலுப்பு. ஆனால் அதே காலத்தில் நடந்த பள்ளிக்கூடச் சண்டை அப்படி அலுப்பானதல்ல.

1834-ல் பென்சில்வேனியா எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி என்று சட்டம் போட்டது, செலவுக்கு உள்ளூர் வரி. மக்கள் கொந்தளித்துவிட்டார்கள். குறிப்பாக ஜெர்மன் பேசும் விவசாயிகள், அவர்களுக்குத் தேவாலயப் பள்ளிகள் இருந்தன, அடுத்தவன் பிள்ளை படிக்க நான் ஏன் வரி கட்ட வேண்டும் என்றார்கள். அடுத்த தேர்தலில் அந்தச் சட்டத்தை ரத்து செய்வேன் என்று சொல்லி ஜெயித்து வந்தவர்கள் நிறைய. செனட் ரத்து மசோதாவை நிறைவேற்றியே விட்டது. கீழவையிலும் அதே கதிதான் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். அவருடைய சொந்தத் தொகுதியே ரத்து செய்யச் சொல்லி அனுப்பியிருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: என் பிள்ளை படிக்காத பள்ளிக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்கிறாயே, உனக்கு எந்த வழக்கும் இல்லாத கோர்ட்டுக்கும், நீ போகவே போகாத சிறைக்கும் கட்டுகிறாய் அல்லவா? குற்றவாளியைத் தண்டிக்க முகம் சுளிக்காமல் வரி கொடுக்கிறவன், ஒருவன் குற்றவாளியாகாமல் தடுக்கிற செலவுக்கு மட்டும் கத்துகிறான். பேச்சு முடிந்து வாக்கெடுப்பு நடந்தபோது சபை திரும்பிவிட்டது, பள்ளிச் சட்டம் தப்பியது. இதில் எனக்குப் பிடித்த அம்சம், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஆளுநர் ஜார்ஜ் வுல்ஃப், ஸ்டீவன்ஸின் பரம எதிரி. எதிர்க்கட்சி, போதாக்குறைக்கு மேசன். மற்ற விஷயங்களில் அவரை வறுத்தெடுத்துக்கொண்டே இதில் மட்டும் அவருக்குத் தோள் கொடுத்தார். சாகும்வரை தான் செய்த காரியங்களிலேயே இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

மற்றபடி ஆள் ஒன்றும் பசு இல்லை. அரசு செலவில் கெட்டிஸ்பர்க்கிலிருந்து ஒரு ரயில் பாதை போட வைத்தார். மலையில் வளைந்து நெளிந்து, எப்படியோ அவருடைய இரும்பாலை இருக்கும் பக்கமாகவே அது போனது. ஊர் அதற்கு நாடாப்புழு ரயில் என்று பெயர் வைத்தது. ஆட்சி மாறியதும் வேலையை நிறுத்திவிட்டார்கள். அந்த ஆட்சி மாறிய விதமும் ஒரு கூத்து: 1838 தேர்தல் முடிவுகளில் இரண்டு கட்சியும் பெரும்பான்மை தனக்கே என்று அடம்பிடிக்க, மாநிலத் தலைநகர் ஹாரிஸ்பர்க்கில் கும்பல் கூடி செனட்டுக்குள் புகுந்தது, ஸ்டீவன்ஸும் இன்னும் இருவரும் பின்பக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார்கள். கோணல் பாதத்தோடு அவர் ஜன்னலில் தொங்கிய காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். தேர்தல் தில்லுமுல்லில் அவருடைய கட்சியின் கையும் சுத்தம் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் மாநிலத்தின் புதிய அரசியல் சாசனத்தை எழுதும் மாநாட்டிலும் இருந்தார். வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று அதில் சேர்த்துவிட்டார்கள். எழுதி முடித்த சாசனத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

இரும்புத் தொழில் அவரைக் கடனில் தள்ளியது. கடனை அடைக்க நிறைய வழக்குகள் வேண்டும், அதற்குப் பெரிய ஊர் வேண்டும் என்று 1842-ல் லங்காஸ்டருக்குப் போனார். அங்கே அவருடைய வீட்டை நிர்வகிக்க லிடியா ஹாமில்டன் ஸ்மித் வந்தார். கலப்பினப் பெண், விதவை, இரண்டு பையன்கள். இருபது வருடம், ஸ்டீவன்ஸ் சாகும்வரை அந்த வீட்டில் இருந்தார். ஸ்டீவன்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஊர் என்ன பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, பத்திரிகைகளே எழுதின. உண்மை எதுவாக இருந்தாலும், கறுப்புப் பெண்களைப் பேர் சொல்லி ஏவிய காலத்தில் அவர் லிடியாவை திருமதி ஸ்மித் என்றுதான் கூப்பிட்டார், வீட்டுக்கு வருகிறவர்களும் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அந்த அம்மையாரும் லேசுப்பட்டவர் இல்லை, சொந்தமாக வீடுகள் வாங்கி வாடகைக்கு விட்டு, கடைசியில் ஸ்டீவன்ஸின் வீட்டையே விலைக்கு வாங்கினார். 2000-களின் ஆரம்பத்தில் அந்த இடத்தைத் தோண்டிய தொல்லியலாளர்கள் ஒரு பழைய தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தார்கள், ஓடிவந்த அடிமைகள் ஒளிந்துகொள்ள அதை மாற்றியமைத்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

1849-ல் முதல் முறையாக வாஷிங்டனில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அடுத்த வருடமே ஓடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பதை எல்லாக் குடிமக்களின் கடமையாக்கிய கொடுமையான சட்டம் வந்தது. அது எங்கே போய் முட்டியது என்பதை அவருடைய மாவட்டத்திலேயே பார்க்கலாம். 1851 செப்டம்பர் 11, விடியற்காலை. மேரிலாந்துப் பண்ணைக்காரர் எட்வர்ட் கோர்சச், தன்னிடமிருந்து ஓடிய அடிமைகளைத் தேடி அரசு அதிகாரியோடு கிறிஸ்டியானா கிராமத்துக்கு வந்தார். அவர்கள் தங்கியிருந்தது வில்லியம் பார்க்கர் என்பவரின் வீட்டில். பார்க்கரும் முன்னாள் அடிமை. அவருடைய மனைவி எலைசா மாடி ஜன்னலில் நின்று கொம்பு ஊத, சுற்றுவட்டாரக் கறுப்பர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டார்கள். சண்டையில் கோர்சச் செத்தார். பார்க்கர் கனடாவுக்குத் தப்பினார். கோபம் கொண்ட அரசு முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது தேசத்துரோக வழக்குப் போட்டது. முதலில் கூண்டில் ஏற்றியது காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளைக்கார மாவு மில்காரரை. அவர் செய்த துரோகம், சத்தம் கேட்டுக் குதிரையில் வந்து பார்த்ததும், அதிகாரி கூப்பிட்டபோது உதவமாட்டேன் என்றதும்.

சுதந்திரப் பிரகடனம் கையெழுத்தான அதே பிலடெல்பியா கட்டடத்தில் விசாரணை. ஸ்டீவன்ஸ் ஹான்வே தரப்பு வக்கீல்களில் ஒருவர், ஆனால் முன்னால் நின்று பேசியது ஜான் ரீட் என்ற இன்னொருவர். ஸ்டீவன்ஸ் பேரைக் கேட்டாலே அடிமை ஒழிப்புக்காரர் என்று ஜூரிகள் முகத்தைத் திருப்பக்கூடும் என்பதால் அவர் பின்னால் உட்கார்ந்து நூல் இழுத்தார். முரடர் என்று பேர் வாங்கியவர் செய்கிற காரியமா இது? ஜூரிகள் உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் குற்றமில்லை என்று வெளியே வந்தார்கள். மற்றவர்கள் மீதான வழக்கும் அத்தோடு புஸ்ஸென்று போனது. லங்காஸ்டர் வாக்காளர்களுக்கு இது பிடிக்கவில்லை, 1853-ல் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பவும் 1859-ல், குடியரசுக் கட்சி உறுப்பினராக, 67 வயதில் வாஷிங்டனுக்கு வந்தார். தலையில் ஒரு முடி கிடையாது, செம்பழுப்பு விக். ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு ஒரு கற்றை முடி கேட்டபோது விக்கையே கழற்றிக் கொடுத்தார் என்றும் ஒரு கதை.

அடிமை முறையை விடாத தென் மாநிலங்கள் பிரிந்துபோய் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வரி, நிதி இரண்டையும் கையில் வைத்திருந்த கமிட்டிக்குத் தலைவர். அதாவது போருக்குப் பணம் தேடித் தருகிற வேலை. தங்கம் போதவில்லை, 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலருக்குக் காகிதப் பணம் அச்சடிக்கச் சட்டம் வந்தது. எல்லாருக்கும் ஒரே பணம் என்பதுதான் அவருடைய திட்டம். செனட் அதில் கை வைத்து, கடன் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு வட்டி மட்டும் தங்கத்தில் என்று மாற்றியது. சிப்பாய்க்குக் காகிதம், வங்கிக்காரனுக்குத் தங்கமா என்று கொதித்தார், மசோதாவின் கையையும் காலையும் ஒடித்துவிட்டார்கள் என்றார், அப்புறம் அதற்கே ஆதரவு கொடுத்தார். படைக்குச் சம்பளம் போக வேண்டுமே.

1863 ஜூன் 26 அன்று, கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்னால், தெற்கின் ஜெனரல் ஜூபல் எர்லி அவருடைய கலிடோனியா இரும்பாலைக்கு வந்தார். மேனேஜர் கெஞ்சிப் பார்த்தார். ஐயா, இந்த ஆலை பல வருடமாக நஷ்டம், தொழிலாளிகளுக்கு வேலை வேண்டுமே என்றுதான் முதலாளி ஓட்டுகிறார், எரித்தால் அவருக்கு லாபம்தான். யாங்கிகள் (வடக்கத்திக்காரர்கள்) அப்படியெல்லாம் தொழில் நடத்துவதில்லை என்று சொல்லிவிட்டு எர்லி தீ வைத்தார். பெரிய தளபதி லீயின் உத்தரவு இதற்கு இல்லை, தானாகச் செய்ததுதான் என்று எர்லியே பிறகு எழுதியிருக்கிறார். செய்தி வந்ததும் ஸ்டீவன்ஸ் கேட்டது: “என் கடனையும் சேர்த்து எரித்தார்களா?” ஆலையை நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பின்னாளில் தெற்கின் மேல் அவர் காட்டிய கடுமைக்கெல்லாம் இந்தத் தீதான் காரணம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை, பண்ணை முதலாளிகளைப் பற்றி அவர் பேசியது இதற்குப் பல வருடம் முன்னாலிருந்தே அதேதான்.

அடிமை முறையை ஒழிக்கும் 13-வது திருத்தம் 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார், துணை ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அவர் இடத்துக்கு வந்தார், தோற்ற தெற்குத் தலைவர்களுக்கு மன்னிப்புகளை அள்ளி வீசினார். தென் மாநிலங்கள் கறுப்பர்களைக் கட்டிப்போடப் புதுச் சட்டங்கள் எழுதின, வேலை ஒப்பந்தம் இல்லாத கறுப்பனைப் பிடித்து ஏலம் விடுவது வரைக்கும். அதே மாநிலங்கள் காங்கிரசுக்கு ஆட்களையும் தேர்ந்தெடுத்து அனுப்பின. கிளர்ச்சி அரசின் துணை ஜனாதிபதியையே ஜார்ஜியா செனட்டுக்கு அனுப்பியது.

1865 டிசம்பர் 4, சபை கூடுகிறது. கிளார்க் எட்வர்ட் மெக்ஃபெர்சன் உறுப்பினர் பெயர்களை வாசிக்கிறார். கெட்டிஸ்பர்க்காரர், ஸ்டீவன்ஸின் ஆள். டென்னசி வர வேண்டிய இடத்தில் அதைத் தாண்டி அடுத்த மாநிலத்துக்குப் போகிறார். டென்னசியிலிருந்து வந்திருந்த ஹோரஸ் மேனார்ட் எழுந்து நிற்கிறார். அவர் கிளர்ச்சிக்காரரும் அல்ல, போரில் வடக்கின் பக்கம் நின்றவர். பெயர் வாசிக்கும்போது குறுக்கிடக்கூடாது என்கிறார் கிளார்க். மறுபடி எழுகிறார், மறுபடி அதே பதில். ஸ்டீவன்ஸ் விதியைச் சுட்டிக்காட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெயர்ப் பட்டியலை வாசிக்கிற விதத்தில் தெற்கு மொத்தமும் வெளியே நின்றது, ஜனாதிபதியின் திட்டம் அன்றைக்கே செத்தது. பெல் ஏரில் ஒயின் வாங்கிக் கொடுத்துப் பாஸான வக்கீல் இதற்குள் சபை விதிகளில் கரை கண்டிருந்தார்.

ஆனால் அவருடைய பெரிய திட்டம் நிலம். அதே வருடம் செப்டம்பர் 6 அன்று லங்காஸ்டரில் கணக்குப் போட்டுப் பேசினார். தெற்கில் 200 ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் பெரிய பண்ணைக்காரர்கள் சுமார் 70,000 பேர், அவர்கள் கையில் 39.4 கோடி ஏக்கர். அதை எடு, விடுதலையான ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் கொடு, மிச்சத்தை விற்றுப் போர்க் கடனையும் ஊனமுற்ற சிப்பாய்களின் பென்ஷனையும் கட்டு. தெற்கில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு காணி நிலம்கூடப் போகாது என்றார். உழுபவனுக்கே நிலம் என்பதை இவ்வளவு வெளிப்படையாகப் புள்ளிவிவரத்தோடு பேசினார். சொந்தக் கட்சியே பயந்தது. தெற்கில் நிலத்தைப் பறித்தால் நாளைக்கு வடக்கில் ஆலை முதலாளியின் சொத்தில் கை வைக்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? 1867-லும் மசோதாவாகக் கொண்டுவந்தார், தேறவில்லை. ஜெனரல் ஷெர்மன் போரின்போது கடலோரத்தில் கறுப்புக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்த நிலத்தைக்கூட ஜான்சன் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்தாயிற்று, வயல் கொடுக்கவில்லை. பத்து வருடத்தில் அந்த வாக்கையும் முதலாளியின் துப்பாக்கி பிடுங்கிக்கொண்டது. நிலத்துக்காக அவர் பிடித்த பிடிவாதத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று எழுதியவர்கள், அடுத்து வந்த நூறு வருட வாரச் சாகுபடிக் கொத்தடிமைத்தனத்துக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

நிலம் போயிற்று என்று அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை, இதுதான் நான் முதலில் சொன்னது. 14-வது திருத்தம் அவருக்குப் பிடித்த வடிவத்தில் இல்லவே இல்லை. கறுப்பர்களுக்கு வாக்குரிமை என்று நேரடியாக அது சொல்லவில்லை, வாக்கு மறுக்கும் மாநிலத்துக்குச் சீட்டு குறையும் என்று சுற்றி வளைத்தது. 1866 ஜூன் 13 அன்று எழுந்து, பழைய கட்டடத்தை அடியோடு பெயர்த்துப் புதிதாகக் கட்டலாம் என்று கனவு கண்டேன், இப்போது ஓட்டையை அடைப்பதோடு திருப்திப்பட வேண்டியிருக்கிறது என்று பேசினார். அப்படியானால் இந்தக் குறையுள்ள திருத்தத்தை ஏன் ஏற்கிறாய் என்றால், நான் வாழ்வது மனிதர்களுக்கு நடுவில், தேவதூதர்களுக்கு நடுவில் அல்ல என்றார். 120-க்கு 32, நிறைவேறியது. சட்டத்தின் முன் எல்லாருக்கும் சமப் பாதுகாப்பு என்ற அந்த வாசகத்தை வைத்துத்தான் 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியது. 1867 மார்ச்சில், தெற்கை ஐந்து ராணுவ மாவட்டங்களாகப் பிரித்து, கறுப்பின ஆண்களுக்கும் வாக்கு கொடுத்த சட்டம் வந்தது. ஜான்சன் வீட்டோ போட்ட அன்றே காங்கிரஸ் அதைத் தள்ளிவிட்டு நிறைவேற்றியது.

ஜான்சனை நீக்கும் முயற்சியைப் பற்றி நீட்டி எழுத ஆசையில்லை, அது அவருடைய சிறந்த காரியமும் இல்லை. போர்த்துறைச் செயலரைச் சட்டத்தை மீறி நீக்கினார் என்று 1868 பிப்ரவரி 24-ல் சபை 126-க்கு 47 என்று குற்றம் சாட்டியது, ஒரு ஜனாதிபதி மீது இது முதல் தடவை. ஸ்டீவன்ஸுக்கு அப்போது நடக்கவே முடியாது, இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். நீங்கள் இரண்டு பேரும் செத்துப்போன பிறகு என்னை யாரப்பா தூக்குவார்கள் என்று அவர்களிடம் கேட்பாராம். செனட்டில் பேச எழுந்து, குரல் போய், மிச்சத்தை இன்னொருவர் வாசிக்க வேண்டியதாயிற்று. மே 16-ல் 35-க்கு 19. நீக்குவதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது, ஜான்சன் தப்பினார். நாடு நாசமாய்ப் போகிறது என்று நாற்காலியில் இருந்தபடியே கத்திக்கொண்டு வெளியே போனார் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 11 நள்ளிரவில் வாஷிங்டனில் இறந்தார், லிடியா ஸ்மித் பக்கத்தில் இருந்தார். ஹென்றி கிளே, லிங்கன் ஆகியோருக்குப் பிறகு காங்கிரஸ் கட்டடத்தின் குவிமாடத்துக்குக் கீழே உடல் வைக்கப்பட்ட மூன்றாவது ஆள், காவலுக்குக் கறுப்புச் சிப்பாய்கள். லங்காஸ்டரில் பேர்பெற்ற இடுகாட்டில் முன்பே இடம் வாங்கியிருந்தவர், வெள்ளையருக்கு மட்டும் என்று அதன் விதியில் இருப்பது தெரிந்ததும் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எல்லாரையும் புதைக்கிற ஒரு சின்ன இடுகாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஏன் இங்கே படுத்திருக்கிறேன் என்று கல்லிலும் எழுதி வைத்தார்: தனிமை பிடித்து வரவில்லை, மற்ற இடங்களில் இனம் பார்க்கிறார்கள், வாழ்நாள் முழுக்கப் பேசியதைச் சாவிலும் காட்டத்தான். வரப்போகும் தேர்தலுக்கு அவருடைய கட்சிக்காரர்கள் ஆள் செத்துவிட்டார் என்று தெரிந்தே அவரையே வேட்பாளராக நிறுத்தினார்கள், மரியாதைக்காக.

உயில் ஒரு தனி வேடிக்கை. பெரும் பங்கு அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவருக்கு, அவர் பேரும் தாடியஸ்தான், ஆனால் குடிகாரர். ஐந்து வருடம் ஒரு சொட்டு தொடாமல் இருந்தால் சொத்தில் கால் பங்கு, இன்னும் ஐந்து வருடம் இருந்தால் இன்னொரு கால் என்று கிழவர் தவணை முறையில் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளையால் முதல் தவணையைக்கூடத் தாண்ட முடியவில்லை, 1874-ல் இறந்துபோனார். அப்படி நடந்தால் சொத்து அனாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் கட்டப் போக வேண்டும் என்று அடுத்த வரி. இனம், நிறம், மதம் பார்த்துச் சேர்க்கக்கூடாது, எல்லாருக்கும் ஒரே வகுப்பு, எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்திருந்தார். வாரிசுச் சண்டை கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக 1905-ல்தான் அது பள்ளியாக முளைத்தது. லங்காஸ்டரில் இப்போது அது தொழில்நுட்பக் கல்லூரி, தச்சு வேலை, பிளம்பிங், வெல்டிங் எல்லாம் சொல்லித் தருகிறார்கள், ஏழைப் பிள்ளைகளுக்கு ஃபீஸ் இல்லை.